சொதியில் கிருமி இருக்கிறதா? பயோசென்சார் எப்படிக் கண்டுபிடிக்கிறது

திருநெல்வேலி டவுனில் எங்களுக்கு வேண்டிய ஒரு வீட்டில் கல்யாணம் முடிந்த மறுநாள், வழக்கம்போல மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு நடந்தது. பகல் பதினொரு மணிக்கு இறக்கி வைத்த தேங்காய்ப்பால் குழம்பான சொதியும் அதற்கு முன்பே வடித்துக் கொட்டிய சோறும் கடைசிப் பந்திக்கு வரும்போது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அந்தப் பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால், வீட்டுக்காரர்களுக்கு மனம் ஆறவில்லை. மறுநாள் காலையிலும் அந்த வீட்டு ஆச்சி, “நான் மோந்து பாத்துதான எலையில ஊத்தச் சொன்னேன், ஒரு வாடையும் இல்லையே” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி ஒருவர் தம் கைபேசிக்கு வந்த ஒரு காணொளியை என்னிடம் நீட்டினார். அதில், பேனாவைப் போன்ற ஒரு கருவியைக் குழம்பில் தொட்டவுடன் சிவப்பு விளக்கு எரிந்தது. “பயோசென்சாராம் சார்வாள். இது ஒண்ணு கையில இருந்தா இந்தக் கூத்தே வந்திருக்காதுல்லா?” என்றார்.

ஆச்சி மூக்கை நம்பினார். அண்ணாச்சி பேனாவை நம்பினார். உணவு நல்லதா கெட்டதா என்பதை ஒரே தொடுகையில் முழுதாகச் சொல்லிவிட முடியும் என்ற எண்ணம்தான் இருவருக்கும். பயோசென்சார், அதாவது உயிரி உணரி, அப்படிப்பட்ட பொருள் அல்ல. தன்மேல் விழுந்த ஒரு சொட்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிற கருவி அது. அந்தக் கேள்வி என்ன, அந்தச் சொட்டு எங்கிருந்து வந்தது என்பவை விளங்கிவிட்டால், காணொளிகளில் சொல்லப்படுவதில் எது உண்மை, எது கதை என்பதை அவரவரே பிரித்துக்கொள்ளலாம்.

மூக்குக்கு எட்டுவதும் எட்டாததும்

உணவில் வாழும் பாக்டீரியாக்கள் எல்லாம் ஒரே இனமல்ல. உணவைக் கெடுப்பவை ஒரு வகை. மனிதரை நோயாளியாக்குபவை வேறொரு வகை. முதல் வகை உணவைத் தின்று புளிப்பையும் வாடையையும் நுரையையும் உண்டாக்கும். ஆனால், அந்த வாடை மூக்குக்குத் தெரிய வேண்டுமானால் ஒரு கிராமில் ஏறக்குறைய ஒரு கோடி பாக்டீரியாக்களாவது பெருகியிருக்க வேண்டும். இரண்டாம் வகைக்கு அவ்வளவு கூட்டம் தேவையில்லை. 1982-இல் அமெரிக்காவில் மாட்டிறைச்சி வழியாகப் பரவியபோது முதன்முதலாக நோய்க்கிருமி என்று அடையாளம் காணப்பட்ட ஈ. கோலை ஓ157 என்ற வகை, நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் வயிற்றுக்குள் போனாலே நோயை உண்டாக்க வல்லது. நூறு பாக்டீரியாக்கள் ஒரு வாளிச் சொதியில் எந்த வாடையையும் எழுப்பப் போவதில்லை.

ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதியில் நிற்கும் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குடித்துவிட்டுச் சத்தம் போடுகிறவனை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பையில் கைவிடுகிறவன் சத்தமே போடமாட்டான். மூக்கு கண்டுபிடிப்பது முதல் ஆளை; நமக்கு வேண்டியது இரண்டாம் ஆளை.

கூட்டம் பெரிதாக இருப்பதாலேயே ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. புளித்த இட்லி மாவின் ஒரு கிராமில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அவை இல்லாவிட்டால் இட்லியே இல்லை. பழைய சோற்றின் நீத்தண்ணியிலும் அப்படித்தான். ‘இந்த உணவில் பாக்டீரியா இருக்கிறதா’ என்று மட்டும் கேட்கிற ஒரு கருவியை இட்லி மாவில் வைத்தால், அது அலறிக்கொண்டே இருக்கும். ஆகவே, எத்தனை என்பதைவிட யார் என்பதுதான் கேள்வி.

நம் ஊர் அல்வா இரண்டு மூன்று நாள் வெளியில் இருந்தும் கெடாததையும், தேங்காய்ப்பாலில் செய்த சொதி மாலைக்குள் கெடுவதையும் இந்த இடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அல்வாவில் உள்ள நீரைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்வதால், பாக்டீரியாவுக்குக் குடிக்க நீர் கிடைப்பதில்லை. சொதியிலோ நீர், கொழுப்பு, புரதம், இதமான சூடு ஆகிய எல்லாமே கிடைக்கின்றன. ஏறத்தாழ 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் பாக்டீரியாக்கள் பெருகும். தோதான நிலையில் சில வகைகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

பழைய வழி: வளர்த்துப் பார்ப்பது

ஒரு பாக்டீரியாவின் நீளம் சுமார் ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் கிடைக்கும் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியாத இதைக் கண்ணுக்குத் தெரிய வைப்பதற்கு 19-ஆம் நூற்றாண்டில் கிடைத்த வழி, அதைப் பெருக விடுவது. உணவு மாதிரியைக் கரைத்து, சத்து கலந்த ஒரு கெட்டியான தளத்தில் தடவி, உடல் சூட்டில் ஓரிரு நாள் வைத்தால், ஒவ்வொரு பாக்டீரியாவும் தான் விழுந்த இடத்திலேயே பல கோடியாகப் பெருகி ஒரு புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளிக்குக் காலனி என்று பெயர். இந்த முறைக்கு வளர்ப்புச் சோதனை என்று பெயர்.

அந்தக் கெட்டியான தளத்துக்கு இன்றும் பயன்படுவது அகார். நோன்புக் காலத்தில் மேலப்பாளையம் வீடுகளில் இனிப்பாகக் காய்ச்சித் துண்டு போடுகிற அதே கடல்பாசிதான். ஜெர்மனியில் நுண்ணுயிரியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில், அதுவரை தளமாகப் பயன்பட்ட ஜெலட்டின் கோடை வெயிலுக்கு உருகி ஓடிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் பயன்படுத்திய அகாரை 1881-இல் எடுத்துக் கொடுத்தார். உலகத்து நுண்ணுயிரியல் ஆய்வகங்கள் எல்லாம் இன்றும் அந்தச் சமையல் யோசனையின்மேல்தான் நிற்கின்றன.

வளர்ப்புச் சோதனையை யாரும் குறை சொல்வதில்லை. சட்டப்படி கடைசித் தீர்ப்பும் பெரும்பாலும் அதனுடையதுதான். அதன் ஒரே குறை காலம். ஓர் உணவில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல, முதலில் ஒரு நாள் ஊட்டநீரில் வளர்த்து, பிறகு மற்றவற்றை அடக்கிச் சால்மோனெல்லாவை மட்டும் வளரவிடும் நீரில் இன்னொரு நாள் வைத்து, அதன்பின் தட்டில் தடவி, வந்த காலனியைச் சோதித்து உறுதிசெய்ய வேண்டும். நான்கைந்து நாள் ஓடிவிடும். தூத்துக்குடியிலிருந்து கப்பலேறும் இறால் உறைந்து கிடப்பதால் காத்திருக்கும். கறந்த பால் காத்திருக்காது.

பாலுக்கு அதனால்தான் வேறொரு சுருக்கு வழி உண்டு. குளிரூட்டும் நிலையங்களில் ஒரு சோதனைக்குழாயில் பத்து மில்லி பாலை எடுத்து, மெத்திலீன் நீலம் என்ற சாயத்தைக் கலந்து, 37 டிகிரி வெந்நீரில் நிறுத்தி வைப்பார்கள். பாலில் உள்ள பாக்டீரியாக்கள் பெருகி ஆக்சிஜனைத் தின்னத் தின்ன, நீலம் வெளுத்து மறுபடியும் பால் வெள்ளையாகும். அரை மணிக்குள் வெளுத்தால் பால் மிக மோசம். ஐந்து மணி நேரத்துக்கு மேலும் நீலமாகவே நின்றால் மிக நன்று. அந்தக் குழாய்களை வரிசையாகப் பார்த்திருக்கிறேன்: ஒன்று கருநீலம், அடுத்தது ஆகாய நீலம், அதற்கடுத்தது அடியில் வெளுத்து மேலே மட்டும் ஒரு நீல வளையம். அழகான சோதனை, ஆனால், கூட்டத்தின் அளவை மட்டும்தான் சொல்கிறது, யார் என்று சொல்வதில்லை.

இதுவரை பார்த்ததில் இரண்டு செய்திகள் முக்கியம். மூக்கும் சாயமும் கூட்டத்தை அறியும், ஆளை அறியா. வளர்ப்புச் சோதனை ஆளை அறியும். ஆனால், நாட்கள் எடுத்துக்கொள்ளும். ஆளையும் அறிய வேண்டும், சில மணி நேரத்திலும் அறிய வேண்டும் என்ற தேவைதான் பயோசென்சார் ஆராய்ச்சியைத் தள்ளிக்கொண்டு போகிறது.

நம் வீட்டிலேயே இருக்கும் பயோசென்சார்

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கும். விரல் நுனியில் குத்தி, முத்துப்போல் எழும் ரத்தத்தைச் சிறு பட்டையின் ஓரத்தில் காட்டினால் பட்டை அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஐந்தாறு நொடியில் ஓர் எண் வருகிறது. உலகத்தில் மிக அதிகமாக விற்ற பயோசென்சார் இதுதான்.

அந்தப் பட்டைக்குள் ஒரு நொதி பூசப்பட்டிருக்கிறது. நொதி என்பது உயிர்களின் உடலில் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை மட்டும் விரைவாக நடத்தும் புரதம். இங்குள்ள நொதிக்குக் குளுக்கோஸ் மட்டுமே கண்ணில் படும். ரத்தத்தில் இருக்கும் உப்பு, கொழுப்பு, மற்றப் புரதங்கள் எதுவும் அதற்குப் பொருட்டில்லை. குளுக்கோஸோடு அது வினைபுரியும்போது எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. அடியில் உள்ள மின்முனை அவற்றை வாங்கி மிகச் சிறிய மின்னோட்டமாக்குகிறது. கருவி அந்த மின்னோட்டத்தை எண்ணாக மாற்றித் திரையில் காட்டுகிறது. நொதியையும் மின்முனையையும் இப்படி இணைக்கலாம் என்று 1962-இல் எடுத்துரைத்தவர் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க்; பயோசென்சாரின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள்.

எல்லாப் பயோசென்சாரும் இந்த அமைப்புத்தான். ஒரு முனையில், தேடும் பொருளை மட்டும் இனம் கண்டு பிடிக்கும் உயிரிப் பொருள். அதை இனங்காணி என்று இந்தக் கட்டுரையில் அழைப்போம். நடுவில், பிடித்த செய்தியை மின்சாரமாகவோ நிறமாகவோ மாற்றும் பகுதி. அதற்கு மாற்றி என்று பெயர். மறுமுனையில் அதைப் படித்துக் காட்டும் திரை. திரையில் விளக்கு எரிவதுதான் காணொளியில் தெரியும். ஆனால், கருவியின் உயிர் இனங்காணியில் இருக்கிறது. இனங்காணி இல்லாத பேனாவில் விளக்கு எரிந்தால், அது வெறும் விளக்குத்தான்.

கிருமியை இனங்காண்பது எப்படி

குளுக்கோஸ் ஒரு சிறு மூலக்கூறு. அதற்கு ஒரு நொதி போதும். பாக்டீரியா ஒரு முழு உயிர். அதை எந்த இடத்தில் பிடிப்பது? அதன் மேல்தோலில்தான். ஒவ்வொரு வகைப் பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் அந்த வகைக்கே உரிய புரதங்களும் சர்க்கரைச் சங்கிலிகளும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஓ157 என்ற பெயரில் உள்ள எண்ணே அப்படிப்பட்ட ஒரு சங்கிலியின் வரிசை எண்தான்.

அந்த நீட்டலைப் பிடிக்க அதிகமாகப் பயன்படுவது எதிர்ப்பொருள். நம் உடலுக்குள் நோய்க்கிருமி புகும்போது, அதன்மேல் போய் ஒட்டிக்கொள்வதற்காக உடல் தயாரிக்கும் புரதம் அது. கவட்டைக் கம்புபோல இரண்டு கிளைகள் கொண்டது. அந்தக் கிளைகளின் நுனி ஒரு குறிப்பிட்ட வடிவத்தோடு மட்டும், பூட்டில் சாவி பொருந்துவதுபோலப் பொருந்தும். ஒரே வடிவத்தைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை ஆய்வகத்தில் வேண்டிய அளவு உற்பத்தி செய்யும் வழியை 1975-இல் கோலர், மில்ஸ்டைன் என்ற இரு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். 1984-இல் அதற்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அந்த வழி இல்லாவிட்டால் கருப்பரிசோதனைப் பட்டையும் இல்லை, கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே பார்த்த பட்டையும் இல்லை.

எதிர்ப்பொருளுக்கு மாற்றாக வேறு சில இனங்காணிகளும் உண்டு. பாக்டீரியாவின் மரபணு வரிசைக்கு இணையான சிறு டி.என்.ஏ. இழையை வைத்து, கிருமியை உடைத்து அதன் மரபணுவைப் பிடிப்பது ஒரு வழி. எனக்குச் சுவையாகப் படுவது இன்னொன்று: பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களையே தூண்டிலாக வைப்பது. இவற்றுக்குப் பாக்டீரியோஃபேஜ் என்று பெயர். கங்கை, யமுனை நீர் காலராக் கிருமியைக் கொல்கிறது என்று ஆக்ராவில் இருந்த ஹான்கின் என்ற ஆங்கிலேயர் 1896-இலேயே எழுதினார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் என்ற கருத்தை 1917-இல் டெரெல் என்ற ஆராய்ச்சியாளர் பாரிஸில் வெளியிட்ட பிறகுதான், ஹான்கின் கண்டதும் அவற்றின் வேலையாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஃபேஜும் தனக்கு வாய்த்த பாக்டீரியாவைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. செத்த பாக்டீரியாவுக்குள் அது பெருகவும் முடியாது. இந்தக் கடைசிக் குணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது சற்றுப் பின்னால் தெரியும்.

பிடித்ததை வெளியில் சொல்வது

இனங்காணி கிருமியைப் பிடித்துவிட்டது. ஆனால், அது நடந்தது கண்ணுக்குத் தெரியாத அளவில். அதை வெளியில் சொல்வது மாற்றியின் வேலை.

மிக எளிய மாற்றி நிறம். கருப்பரிசோதனைப் பட்டையில் தெரியும் சிவப்புக் கோடு உண்மையில் தங்கம். தங்கத்தை மைக்ரோமீட்டரிலும் பல மடங்கு சிறிய துகளாக்கினால் அது மஞ்சளாக இராது, சிவப்பாகத் தெரியும். கிருமியைத் தேடும் பட்டையில், எதிர்ப்பொருள் பூசிய தங்கத் துகள்கள் கிருமியோடு ஒட்டிக்கொண்டு பட்டையில் ஊறிப் போகும்போது, வழியில் கோடாகப் பூசிவைத்த இன்னொரு எதிர்ப்பொருள் அந்தக் கிருமியைப் பிடித்து நிறுத்துகிறது. கிருமியோடு தங்கமும் அங்கே குவிவதால் கோடு தெரிகிறது. சற்றுத் தள்ளி இரண்டாவதாக வரும் கோடு, பட்டை ஒழுங்காக ஊறியதா என்று காட்டுவதற்கு மட்டுமே. அந்தக் கோடு வராவிட்டால் சோதனையே செல்லாது.

மின்சார வழி இன்னும் நுட்பமானது. எதிர்ப்பொருள் பூசிய மின்முனையை உப்பு நீரில் வைத்துச் சிறு மின்னோட்டத்தை விடுகிறார்கள். கிருமிகள் வந்து மின்முனையில் ஒட்ட ஒட்ட, எலக்ட்ரான்கள் போகும் வழி அடைபட்டுத் தடை கூடுகிறது. பாளையங்கால்வாயில் அமலைச்செடி மண்டினால் மடையில் தண்ணீர் குறைவதைப் பார்த்தே, மேலே செடி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கடைமடை விவசாயி கணக்குப் போட்டுவிடுவார். கருவியும் அதையே செய்கிறது.

மூன்றாவது வழி எடை. நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் தட்டினால் ஒவ்வொன்றும் தனக்குரிய சுரத்தைக் கொடுக்கும். அதிரும் பொருளின்மேல் பாரம் ஏறினால் சுரம் இறங்கும். மின்சாரம் தந்தால் நொடிக்குப் பல லட்சம் முறை அதிரும் குவார்ட்ஸ் படிகத்தின்மேல் எதிர்ப்பொருளைப் பூசி வைத்தால், கிருமிகள் ஒட்டிய பாரத்துக்கே அதன் அதிர்வு மிகச் சிறிய அளவு குறையும். அந்தக் குறைவை அளந்துவிடலாம்.

ஒரு சொட்டில் அகப்படுமா?

பயோசென்சார் பற்றிய செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போவது இந்தப் பகுதிதான். என் கணிப்பில் விஷயமே இங்கேதான் இருக்கிறது. உணர்வது அவ்வளவு கடினமில்லை. கிருமியை உணரியின் வாசல்வரை கொண்டுவந்து சேர்ப்பதுதான் கடினம்.

பல உணவு வகைகளுக்கு நம் நாட்டுத் தரவிதி, 25 கிராம் மாதிரியில் ஒரு சால்மோனெல்லாகூட இருக்கக்கூடாது என்கிறது. அந்த 25 கிராமை 225 மில்லி ஊட்டநீரில் கரைப்பது வழக்கம். ஆக, சுமார் 250 மில்லி. அதில் ஒரே ஒரு பாக்டீரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டையில் விடும் சொட்டு ஒரு மில்லியில் இருபதில் ஒரு பங்கு என்றால், அந்த 250 மில்லியில் 5,000 சொட்டுகள் இருக்கின்றன. நாம் எடுக்கும் சொட்டில் அந்த ஒன்று இருப்பதற்கு 5,000-இல் ஒரு வாய்ப்புத்தான். உலகத்திலேயே சிறந்த உணரியாக இருந்தாலும், தன்மேல் விழாத கிருமியை அது எப்படிச் சொல்லும்?

அது விழுந்தாலும் போதாது. ஒவ்வொரு உணரிக்கும், இதற்குக் கீழே இருந்தால் தெரியாது என்ற ஓர் அளவு உண்டு. அதற்குக் கண்டறியும் எல்லை என்று பெயர். கோடு காட்டும் பட்டைகளுக்கு அது பொதுவாக மில்லிக்குப் பத்தாயிரம் முதல் பத்து லட்சம் பாக்டீரியாக்கள் வரை இருக்கும்.

இதற்கு இரண்டு தீர்வுகள் நடைமுறையில் உண்டு. ஒன்று, அந்த ஊட்டநீரிலேயே கிருமியைச் சில மணி நேரம் பெருக விடுவது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பாக்டீரியா எட்டு மணி நேரத்தில் 24 முறை இரட்டித்து 1 கோடியே 67 லட்சத்தைத் தாண்டும். 250 மில்லிக்கு அதைப் பங்கிட்டால் மில்லிக்குச் சுமார் 67,000. இப்போது எந்தச் சொட்டை எடுத்தாலும் மூவாயிரத்துக்கு மேல் இருக்கும், பட்டையும் கோடு காட்டும். உண்மையில் பாக்டீரியா புது இடத்தில் பழகிக்கொள்ளவே ஓரிரு மணி நேரம் எடுக்கும் என்பதால், எட்டு மணி என்பது பத்துப் பன்னிரண்டாகவும் ஆகலாம். ‘பத்து நிமிடத்தில் முடிவு’ என்று அட்டையில் போட்டிருந்தால், அந்தப் பத்து நிமிடம் இதற்குப் பிறகு தொடங்குவதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு தீர்வு, காந்தம். ஆற்று மணலில் காந்தத்தை இழுத்துக் கருப்பு இரும்புத்தூளை ஒட்டியெடுத்து விளையாடாத சிறுவர் தாமிரபரணிக் கரையில் இருக்க மாட்டார்கள். இரும்பு ஆக்சைடால் ஆன நுண்ணிய மணிகளின்மேல் எதிர்ப்பொருளைப் பூசி, கரைசலில் போட்டுக் கலக்கினால், மணிகள் கிருமிகளைப் பிடித்துக்கொள்ளும். குழாயின் ஓரத்தில் காந்தத்தை வைத்தால் அவை கிருமிகளோடு சுவரில் ஒதுங்கும். மீதி நீரைக் கொட்டிவிட்டு, ஒதுங்கியதை ஒரு சொட்டு நீரில் கரைத்துக்கொள்ளலாம். 250 மில்லியில் இருந்தது ஒரு சொட்டுக்குள் வந்துவிடும்.

சுருக்கமாகச் சொன்னால், பயோசென்சார் என்று விற்கப்படும் பட்டையோ சில்லோ வேலையின் கடைசிப் படி மட்டுமே. அதற்கு முன் மாதிரி எடுப்பது, கரைப்பது, பெருக விடுவது, திரட்டுவது என்ற படிகள் இருக்கின்றன.

சொதி கொடுக்கும் தொல்லை

ஆய்வகத்தில் ஒரு புது உணரியைச் சோதிக்கும்போது, பெரும்பாலும் முதலில் சுத்தமான உப்பு நீரில் பாக்டீரியாவைக் கலந்து பார்ப்பார்கள். அங்கே எல்லாம் நன்றாக நடக்கும். சொதியில் வைத்தால் கதை மாறும். தேங்காய்ப்பாலின் கொழுப்பு பட்டையின் துளைகளை அடைக்கும், மின்முனைமேல் படலமாகப் படியும். அமலைச்செடி இல்லாமலே மடை அடைபட்டதுபோல மீட்டர் காட்டும். கடைசியில் பிழிந்த எலுமிச்சையின் புளிப்பு, எதிர்ப்பொருளின் பிடியைத் தளர்த்தும். அதனால்தான் மாதிரியை வடிகட்டி, புளிப்பைச் சமன்செய்த பிறகே உணரிக்குக் கொடுக்க வேண்டும். பால், இறால், மாம்பழச்சாறு என்று உணவு மாறும்போதெல்லாம் இந்தத் தயாரிப்பும் மாறும். எல்லா உணவுக்கும் ஒரே கருவி என்பது இன்னும் கைகூடாததற்கு இது ஒரு காரணம்.

அடுத்த சிக்கல், செத்ததும் உயிருள்ளதும். எதிர்ப்பொருளுக்குத் தெரிவது மேல்தோல். கொதித்துச் செத்த பாக்டீரியாவுக்கும் மேல்தோல் இருக்கும். மரபணுவும் செத்த பிறகு சில காலம் கிடக்கும். ஆகவே, நன்றாகக் கொதித்த, ஆபத்தில்லாத உணவிலும் கோடு வரக்கூடும். ஃபேஜை நான் முன்னே புகழ்ந்தது இதற்காகத்தான்: அது உயிருள்ள கிருமிக்குள் மட்டுமே பெருகும். மின்மினிப் பூச்சி ஒளிவிடக் காரணமான மரபணுவைப் போன்ற ஒன்றை ஃபேஜுக்குள் வைத்து அனுப்பினால், உயிருள்ள கிருமிகள் தாமே ஒளிவிட்டுத் தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நம்மில் பலருடைய மூக்கிலும் தோலிலும் இயல்பாக வாழ்வது. பரிமாறுகிறவர் கை வழியாக உணவில் விழுந்து, இளஞ்சூட்டில் பெருகும்போது அது ஒரு நச்சை விடுகிறது. பிறகு உணவைக் கொதிக்கவைத்தால் பாக்டீரியா செத்துவிடும், நச்சு சாகாது. உயிருள்ள கிருமியைத் தேடும் உணரி அப்போது ‘இல்லை’ என்றுதான் சொல்லும், அது பொய்யும் அல்ல. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: நச்சு இருக்கிறதா? அதற்கு நச்சைப் பிடிக்கும் எதிர்ப்பொருள் கொண்ட வேறு பட்டை வேண்டும்.

இந்த இடத்தில் அந்தக் கல்யாண வீட்டை மறுபடி நினைத்துக்கொண்டேன். சாப்பிட்ட நாலு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தது என்றால், கிருமி வயிற்றுக்குள் போய்ப் பெருகி நோய் தந்தது என்பதைவிட, உணவிலேயே நச்சு தயாராக இருந்தது என்பதற்கே வாய்ப்பு அதிகம். அது சொதியில்தான் இருந்தது என்றும் சொல்ல முடியாது. அரிசியில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா, கொதிநீரையும் தாங்கும் உறைக்குள் ஒடுங்கி உயிர்பிழைத்து, வடித்த சோறு மணிக்கணக்கில் குவியலாகக் கிடக்கும்போது விழித்துப் பெருகி, சூட்டுக்கு அழியாத வாந்தி நச்சை விடக்கூடியது. எல்லோரும் சொதியைத் திட்டினார்கள். சோற்றை யாரும் நினைக்கவில்லை. சாம்பிள் எடுத்துவைக்கும் முன்பே பாத்திரங்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டுவிட்டன. அண்ணாச்சியின் பேனா அன்று இருந்திருந்தாலும், அதை எந்த அண்டாவில் தொடுவது, எந்த நச்சைத் தேடச் சொல்வது?

ஒரு கோடு வந்தால், வராவிட்டால்

ஆகவே, பட்டையில் கோடு வரவில்லை என்றால் ‘உணவு பாதுகாப்பானது’ என்று பொருளல்ல. இந்தக் குறிப்பிட்ட கிருமி, நான் எடுத்த இந்த மாதிரியில், இந்தக் கருவியின் கண்டறியும் எல்லைக்கு மேல் இல்லை என்பதே அதன் பொருள். கோடு வந்தால், உடனே நோய் வரும் என்றும் பொருளல்ல. சரக்கை நிறுத்திவைத்து வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பு என்று பொருள். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும், இருப்பதை இல்லையென்று காட்டுவதும் எல்லாக் கருவிக்கும் ஓரளவு உண்டு. உணவில் முதல் தவறு பணத்தைத் தின்னும், இரண்டாவது ஆளைத் தின்னும் என்பதால், முதல் தவறைச் சற்று அதிகமாகவே பொறுத்துக்கொள்ளும்படி பட்டைகளை அமைப்பது நல்லது.

இன்று இந்தக் கருவிகள் உண்மையில் உதவும் இடம் பந்தி அல்ல. ஒரே பொருள் ஏராளமாகக் கடந்துபோகும் வாசல்கள்தாம். பால் பண்ணை, இறால் பதனிடும் கொட்டகை, பொட்டலத் தேங்காய்ப்பால் ஆலை போன்ற இடங்களில் தேடவேண்டிய கிருமி எது என்று முன்பே தெரியும்; ஒரே வகை மாதிரி என்பதால் தயாரிப்பும் ஒன்றே; பத்து மணி நேரம் காத்திருக்கக் குளிரறையும் உண்டு. நான்கைந்து நாள் காத்திருந்த இடத்தில் மறுநாளே முடிவு தெரிவது அங்கே பெரிய லாபம்.

கல்யாண வீட்டில் பதினொரு மணிக்கு மாதிரி எடுத்துப் பெருக விட்டு, இரவு ஒன்பது மணிக்குக் கோடு பார்த்தால், சொதி எப்போதோ இலையைக் கடந்து போயிருக்கும். அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நான் எதை வாங்க சார்வாள்?” என்று கேட்டார். நீளமான கம்பியுள்ள ஒரு சமையல் வெப்பமானியை வாங்கச் சொன்னேன். சோற்றிலும் சொதியிலும் அரை மணிக்கு ஒருமுறை அதை நடுவரை விட்டுப் பார்த்து, 60-க்குக் கீழே இறங்குவதற்குள் அண்டாவை மறுபடி அடுப்பில் ஏற்ற வேண்டும். அல்லது ஐந்து பந்திக்கும் ஒரேயடியாக வடிக்காமல், பந்திக்குப் பந்தி தனித்தனியாக வடிக்க வேண்டும்.